59 டாலரில் தொடங்கிய கணக்கு: ஜோ லூயிஸின் வாழ்வும் தொழிலும்

1951 அக்டோபர் 26 இரவு. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் எட்டாவது ரவுண்டு. ராக்கி மார்சியானோ விட்ட குத்தில் ஜோ லூயிஸ் கயிறுகளுக்கு இடையே சரிந்து ரிங்கின் விளிம்பில் மல்லாந்து விழுந்தார். லூயிஸுக்கு அப்போது 37 வயது. உச்சந்தலையில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது. 28 வயது மார்சியானோ அவரை அண்ணாந்து பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர். ஆட்டம் முடிந்தபின் தோற்றவரின் அறைக்குச் சென்று மார்சியானோ அழுதார் என்று அந்த இரவைப் பற்றி எழுதியவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

தோல்வி எந்தக் குத்துச்சண்டை வீரருக்கும் வரும். ஆனால் லூயிஸ் அன்று அங்கே இருந்திருக்கவே வேண்டியதில்லை. இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு, 1949 மார்ச் 1 அன்று, உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருக்கும்போதே பட்டத்தைத் துறந்து ஓய்வுபெற்றவர் அவர். 11 ஆண்டு 8 மாதம் பட்டத்தைக் கையில் வைத்திருந்தார். 25 முறை அதைக் காத்தார். ஹெவிவெயிட் பிரிவில் இந்த இரண்டு சாதனைகளையும் இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. அப்படிப்பட்டவரை மறுபடி கையுறை மாட்டவைத்தது புகழாசை அல்ல. அமெரிக்க வருமான வரித் துறைக்கு அவர் 5 லட்சம் டாலருக்கு மேல் பாக்கி வைத்திருந்தார்.

குத்துச்சண்டை வீரரின் வாழ்க்கையை வெற்றி தோல்விப் பட்டியலாக எழுதுவதுதான் வழக்கம். லூயிஸின் பட்டியல் 66 வெற்றி, 3 தோல்வி என்று ஒற்றை வரியில் முடிந்துவிடும். அந்த வரியை மட்டும் வாசித்தால் 1951 அக்டோபர் இரவு விளங்காது. அவர் வாழ்க்கையை வரவு செலவு ஏட்டின் வழியாகவும் வாசிக்க வேண்டும். அவர் கையின் ஒவ்வொரு குத்துக்கும் யாரோ விலை வைத்தார்கள், யாரோ பங்கு எடுத்தார்கள், யாரோ உரிமை கொண்டாடினார்கள். அந்த ஏடு யார் கையில் இருந்தது என்பதே இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி.

பருத்திக் காட்டிலிருந்து டெட்ராய்ட்டுக்கு

ஜோசப் லூயிஸ் பாரோ 1914 மே 13 அன்று அலபாமா மாநிலத்தின் லாஃபயெட் ஊருக்கு அருகே பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் ஏழாவது. தந்தை மன்ரோ பாரோ குத்தகை விவசாயி. தாய் லில்லி. இருவருமே அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள். ஜோ கைக்குழந்தையாக இருந்தபோதே மன்ரோவை மனநல விடுதியில் சேர்த்தார்கள். அவர் இறந்துவிட்டதாகக் குடும்பத்துக்குச் சேதி வந்தது. லில்லி மறுமணம் செய்துகொண்டார். உண்மையில் மன்ரோ 1938 வரை உயிரோடு இருந்தார். தன் மகன் உலக சாம்பியன் ஆனது தெரியாமலேயே இறந்தார்.

1926இல் குடும்பம் டெட்ராய்ட்டுக்குக் கிளம்பியது. தெற்கின் பருத்திக் காடுகளையும் கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலின் அச்சுறுத்தலையும் விட்டு வடக்கின் தொழிற்சாலைகளை நோக்கி லட்சக்கணக்கான கறுப்பர்கள் நகர்ந்த காலம் அது. மாற்றுத்தந்தைக்கு ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஜோ தொழிற்பள்ளியில் மரவேலை கற்றார். பையன் இசை பழகட்டும் என்று தாய் வாரம் 50 சென்ட் வயலின் வகுப்புக்குக் கொடுத்தார். அந்தக் காசு ப்ரூஸ்டர் உடற்பயிற்சி நிலையத்தில் பெட்டக வாடகைக்குப் போனது.

1932இல் முதல் அமெச்சூர் ஆட்டம். எதிராளி ஜானி மைலர் ஒலிம்பிக் வீரர். ஏழு முறை தரையில் விழுந்து தோற்றார் ஜோ. சில காலம் கையுறையைத் தொடாமல் தொழிற்சாலைக்கே திரும்பிப் போனார். பிறகு மீண்டும் வந்தார். 54 அமெச்சூர் ஆட்டங்களில் 50 வெற்றி. 1934இல் தேசிய லைட் ஹெவிவெயிட் பட்டம்.

அதே ஆண்டு ஜூலை 4 அன்று சிகாகோவில் தொழில்முறை வீரராக ரிங் ஏறினார். ஜாக் க்ராக்கனை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தியதற்குக் கிடைத்த கூலி 59 டாலர். ஏட்டின் முதல் வரவு அது.

அடுத்த வரி செலவு. பொருளாதாரப் பெருமந்தத்தில் மாற்றுத்தந்தைக்கு வேலை போனபோது குடும்பம் டெட்ராய்ட் நகராட்சியின் உதவித்தொகையில் பிழைத்திருந்தது. கையில் நாலு காசு சேர்ந்ததும் லூயிஸ் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அந்தத் தொகையை, சுமார் 270 டாலரை, நகராட்சிக்குத் திருப்பிக் கட்டியது. யாரும் கேட்கவில்லை. அரசிடம் வாங்கியது கடன், கடனென்றால் அடைக்க வேண்டும் என்பது அவர் புரிதல். பின்னால் வரப்போகும் கதைக்கு இந்த 270 டாலரை நினைவில் வைத்திருப்பது அவசியம்.

ஜாக் ஜான்சனின் நிழல்

லூயிஸ் தொழிலுக்கு வந்தபோது ஹெவிவெயிட் பட்டத்தின் வாசல் கறுப்பர்களுக்கு அடைபட்டுக் கிடந்தது. காரணம் 1908 முதல் 1915 வரை சாம்பியனாக இருந்த ஜாக் ஜான்சன். முதல் கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியன் அவர். எதிராளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அடித்தார், வெள்ளைப் பெண்களை மணந்தார், யாருக்கும் தலைவணங்கவில்லை. 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் வெள்ளையரான முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸை அவர் வீழ்த்தியதும் நாடெங்கும் கறுப்பர்கள் தாக்கப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். 1913இல், ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காகப் பெண்களை மாநில எல்லை கடந்து அழைத்துச் செல்வதைத் தடைசெய்த மான் சட்டத்தின் கீழ், ஜான்சனுக்குத் தண்டனை கிடைத்தது. அந்தத் தீர்ப்பின் பின்னே இருந்தது இனவெறி என்பதை ஏற்று அமெரிக்க அரசு அவருக்கு மன்னிப்பு வழங்க 2018 ஆனது. அவருக்குப் பின் 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பு வீரருக்கும் ஹெவிவெயிட் பட்ட ஆட்டமே கிடைக்கவில்லை. தகுதி இருந்தும் ஹாரி வில்ஸ் போன்றவர்கள் வாசலிலேயே காத்திருந்து வயதானார்கள்.

லூயிஸின் மேலாளர்கள் ஜான் ராக்ஸ்பரோ, ஜூலியன் பிளாக் இருவரும் கறுப்பர்கள். எண் சூதாட்டத் தொழிலில் பணம் பார்த்தவர்கள். ஜான்சனின் நிழல் தங்கள் பையன் மேல் விழக்கூடாது என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். வெள்ளைப் பெண்ணோடு புகைப்படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, தனியாக மதுக்கூடங்களுக்குப் போகக் கூடாது, விழுந்த எதிராளியின் முன் கொண்டாடக் கூடாது, முடிவை முன்பே பேசிவைத்த ஆட்டம் ஆடக் கூடாது என்று விதிகள் வகுத்தார்கள். பத்திரிகைப் படங்களில் லூயிஸின் முகம் ஏன் எப்போதும் உணர்ச்சியற்று இருந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அந்த முகம் தொழிலுக்கான சீருடை. வெள்ளைப் பத்திரிகையாளர்கள் சிலர் அதை மந்தபுத்தி என்று எழுதினார்கள். ஒரு கறுப்பு இளைஞன் வென்ற பிறகு சிரிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு அடக்கம் பழக வேண்டியிருந்தது என்று அவர்கள் யோசிக்கவில்லை.

வாத்தியார் சொன்ன பாடம்

வடசென்னையில் குத்துச்சண்டை சொல்லித்தருபவரை வாத்தியார் என்பார்கள். லூயிஸின் வாத்தியார் ஜாக் பிளாக்பர்ன். லைட்வெயிட்டாக இருந்துகொண்டே தன்னைவிடப் பெரிய உடல்களோடு மோதியவர். கொலைக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்தவர். கறுப்பு ஹெவிவெயிட்டைப் பழக்குவதில் பலனில்லை என்று முதலில் தயங்கிய அவர்தான் லூயிஸை உருவாக்கினார்.

அவர் தந்த பாடத்தில் பாதி நுட்பம், பாதி அரசியல். கால்களைத் தரையிலிருந்து அதிகம் எடுக்காமல் தேய்த்தபடி முன்னேற வேண்டும். உடலின் எடை எப்போதும் இரு கால்களுக்கும் நடுவே இருக்க வேண்டும். அப்போதுதான் எந்தக் கையையும் எந்தக் கணத்திலும் விடலாம். இடது கையின் ஜாப் எதிராளியின் இடத்தை அளக்கும். வலது கை சில அங்குல தூரமே பயணித்து இறங்கும். கையைப் பின்னுக்கு இழுத்து ஓங்கும் வழக்கம் லூயிஸிடம் இல்லை. பார்ப்பவருக்குக் குத்து தெரியாது, விழுந்தவர் தெரிவார்.

அரசியல் பாடம் இன்னும் எளிது. புள்ளிக் கணக்கை நம்பாதே, நடுவர்கள் வெள்ளையர்கள், உன் வலது கையே உனக்கு நடுவர் என்றார் பிளாக்பர்ன். லூயிஸின் 66 வெற்றிகளில் 52 நாக் அவுட் என்பதை வெறும் பலமாகப் பார்த்தால் பாதிதான் விளங்கும். தீர்ப்பு எழுதும் உரிமை தன் மக்களிடம் இல்லாத நாட்டில், தீர்ப்புக்கே வேலை வைக்காமல் முடித்துவிடும் வழி அது.

1935 ஜூன் 25 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் இத்தாலியின் ப்ரிமோ கார்னேராவை ஆறாவது ரவுண்டில் வீழ்த்தினார். முசோலினியின் படை எத்தியோப்பியாவைக் குறிவைத்திருந்த நேரம் என்பதால் கறுப்பர்கள் அந்த வெற்றியைத் தங்கள் கண்டத்தின் வெற்றியாகவே பார்த்தார்கள். அர்கன்சாவின் ஒரு சிற்றூர் மளிகைக் கடையில் மக்கள் வானொலியைச் சுற்றி அமர்ந்து லூயிஸின் ஆட்டத்தைக் கேட்ட இரவை மாயா ஏஞ்சலோ தன் தன்வரலாற்றில் விவரித்திருக்கிறார். வெற்றிக்குப் பின் தொலைவிலிருந்து வந்தவர்கள் அன்றிரவு வீடு திரும்பவில்லை. லூயிஸ் வென்ற இரவில் கறுப்பர்கள் தனிச்சாலையில் நடப்பது பாதுகாப்பில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு குத்துச்சண்டை வீரரின் தோளில் இவ்வளவு பாரம் ஏற்றப்பட்டபோது அவருக்கு 21 வயது.

இரண்டு நிமிடம் நான்கு விநாடி

1936 ஜூன் 19 அன்று அந்தப் பாரம் சரிந்தது. ஜெர்மனியின் முன்னாள் சாம்பியன் மாக்ஸ் ஷ்மெலிங் லூயிஸின் ஆட்டங்களை ஊன்றிக் கவனித்து ஒரு பிழையைக் கண்டுபிடித்திருந்தார். ஜாப் விட்டதும் லூயிஸின் இடது கை சற்றுத் தாழ்ந்து திரும்பியது. அந்த நொடியில் முகத்தின் இடப்பக்கம் திறந்து கிடந்தது. ஷ்மெலிங் தன் வலது கையை அந்த இடைவெளிக்குள் திரும்பத் திரும்ப இறக்கினார். நான்காவது ரவுண்டில் முதல் வீழ்ச்சி, பன்னிரண்டாவதில் நாக் அவுட். ஹிட்லரின் அரசு அதை இனத்தின் வெற்றி என்று முழங்கியது.

தோற்ற லூயிஸுக்கே அடுத்த ஆண்டு பட்ட ஆட்டம் கிடைத்தது. வென்ற ஷ்மெலிங்குக்குக் கிடைக்கவில்லை. பட்டம் நாஜி ஜெர்மனிக்குப் போய்விடக்கூடாது என்ற அச்சமும் வணிகமும் சேர்ந்து செய்த வேலை இது. சாம்பியன் ஜேம்ஸ் பிராடாக் இலவசமாக வரவில்லை. லூயிஸோடு மோதுவதற்கு விலையாக, அடுத்த 10 ஆண்டுகளுக்கு ஹெவிவெயிட் பட்ட ஆட்டங்களில் ஏற்பாட்டாளர் மைக் ஜேக்கப்ஸ் பெறும் நிகர லாபத்தில் 10 சதவீதம் பிராடாக் தரப்புக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. 1937 ஜூன் 22 அன்று சிகாகோவில் எட்டாவது ரவுண்டில் பிராடாக் வீழ்ந்தார். ஜான்சனுக்குப் பின் முதல் கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியன் உருவானார். அவர் முதல் குத்தை விடும் முன்பே வரப்போகும் ஆண்டுகளின் லாபத்தில் ஒரு பங்கு தோற்கப்போகிறவருக்கு விற்கப்பட்டிருந்தது.

சரியாக ஓராண்டு கழித்து, 1938 ஜூன் 22, யாங்கி ஸ்டேடியம், ஏறத்தாழ 70,000 பேர். உலகெங்கும் வானொலி. இம்முறை லூயிஸ் காத்திருக்கவில்லை. 2 நிமிடம் 4 விநாடியில் ஷ்மெலிங் மூன்று முறை விழுந்தார், ஆட்டம் முடிந்தது. ஒரு குத்து அவர் முதுகெலும்பில் முறிவு ஏற்படுத்தியது. அன்றிரவு வெள்ளை அமெரிக்காவும் லூயிஸைத் தன் ஆள் என்றது.

ஷ்மெலிங்கைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை. யூதரான தன் மேலாளர் ஜோ ஜேக்கப்ஸைக் கைவிட மறுத்தார். அதே 1938 நவம்பரில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் நொறுக்கப்பட்ட இரவுகளில் இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் விடுதி அறையில் ஒளித்துக் காப்பாற்றினார். ரிங்கில் இரண்டு நாடுகளும் இரண்டு இனங்களும் மோதியதாக உலகம் சொன்னது. மோதிய இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு வெறுப்பு இருக்கவில்லை.

சீருடையும் ரசீதும்

பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஒரு மாதம் கழித்து, 1942 ஜனவரி 9 அன்று, லூயிஸ் பட்டத்தைப் பணயம் வைத்து பட்டி பேயருடன் மோதினார். தன் வருமானம் முழுவதையும் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்தார். சுமார் 47,000 டாலர். மறுநாள் தானே முன்வந்து ராணுவத்தில் சேர்ந்தார். மார்ச்சில் ஏப் சைமனோடு இன்னொரு பட்ட ஆட்டம். அதில் கிடைத்த சுமார் 36,000 டாலர் ராணுவ நிவாரண நிதிக்குப் போனது.

கடற்படை அப்போது கறுப்பர்களைப் பெரும்பாலும் உணவறைப் பணியாளர்களாகவே எடுத்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட படைக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று கறுப்புப் பத்திரிகைகளே கேட்டன. நாட்டில் பல தவறுகள் இருக்கின்றன, ஹிட்லர் அவற்றைச் சரிசெய்யப் போவதில்லை என்ற பொருளில் லூயிஸ் பதில் சொன்னார். பட்டத்தைப் பணயம் வைத்துக் கொடையளித்தவருக்குச் சிப்பாயாகச் சேர்ந்தபோது மாதச் சம்பளம் 21 டாலர்.

படையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. 96 காட்சி ஆட்டங்களில் சுமார் 20 லட்சம் வீரர்கள் முன் தோன்றினார். கான்சாஸின் ஃபோர்ட் ரைலி முகாமில் ஜாக்கி ராபின்சன் உள்ளிட்ட படித்த கறுப்பு இளைஞர்களுக்கு அதிகாரி பயிற்சி மறுக்கப்பட்டபோது, லூயிஸ் போர்த் துறையில் இருந்த ட்ரூமன் கிப்சனிடம் பேசினார், தடை விலகியது. 1947இல் பேஸ்பால் விளையாட்டின் நிறச்சுவரை உடைக்கப்போகிற ராபின்சன் அப்படித்தான் அதிகாரி ஆனார். சிரிக்காத முகம் பேசாத முகம் அல்ல என்பதற்கு இது சான்று.

1945இல் பதக்கத்தோடு வெளியே வந்தார். கூடவே ஒரு கடன் பட்டியலும் வந்தது. போர்க் காலத்தில் குடும்பச் செலவுக்கும் தாராளச் செலவுக்கும் கொடுத்ததாக ஏற்பாட்டாளர் மைக் ஜேக்கப்ஸ் கேட்ட தொகை 2,50,000 டாலர். அரசின் வரி பாக்கி 1,00,000 டாலருக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. நெஞ்சை உறுத்துவது தொகையல்ல, அதற்குள் இருந்த ஒரு பதிவு. 1942இல் நிவாரண நிதிகளுக்குக் கொடுத்த ஆட்டப் பணமும் வரித் துறையின் ஏட்டில் லூயிஸின் வருமானமாகவே எழுதப்பட்டிருந்தது. ஒரு சென்ட்கூட அவர் கைக்கு வராத பணம் அது. அரசின் படைகளுக்கே போன பணம். அதற்கும் அரசு வரி கேட்டது.

வட்டி ஓடும் வேகம்

லட்சக்கணக்கில் ஈட்டியவர் இந்தக் கடனை அடைக்க முடியாமல் போனது எப்படி? இதற்குக் குத்துச்சண்டை வருமானத்தின் இயல்பைப் பார்க்க வேண்டும்.

மாதச் சம்பளக்காரருக்கு வருமானம் 30 ஆண்டுகளுக்குப் பரவி வருகிறது. குத்துச்சண்டை வீரருக்கு அது சில ஆண்டுகளின் சில இரவுகளில் மொத்தமாக வந்து விழுகிறது. 1946 ஜூன் 19 அன்று பில்லி கான் உடனான மறு ஆட்டத்தின் நுழைவுச்சீட்டு வசூல் 19 லட்சம் டாலரைத் தாண்டியது. லூயிஸின் பங்கு சுமார் 6 லட்சம். அந்த ஆண்டு அமெரிக்க வருமான வரியின் உச்ச விகிதம் 80 சதவீதத்துக்கும் மேல். வளமான ஆண்டுகளையும் வறண்ட ஆண்டுகளையும் சேர்த்துச் சராசரி பார்க்கும் வழி அவருக்கு அன்று இல்லை. மேலாளர்கள் இருவரின் பங்கு ஆரம்ப ஒப்பந்தத்திலேயே பாதி. மணமுறிவு பெற்ற மனைவிக்கு ஒரு பங்கு. ஜேக்கப்ஸின் கடன் தனி. 6 லட்சம் என்ற எண் செய்தித்தாளில் அப்படியே இருந்தது. ஏட்டில் அது கரைந்துவிட்டது.

1950இல் வரித் துறை பழைய கணக்குகளை முழுவதும் தணிக்கை செய்தது. வட்டியும் அபராதமும் சேர்ந்து பாக்கி 5 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆண்டுக்கு 6 சதவீத வட்டி என்றால் 5 லட்சத்துக்கு வட்டி மட்டும் 30,000 டாலர். அன்று ஒருவர் ஆண்டுக்கு 1,00,000 டாலர் ஈட்டினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த ஆண்டின் வரிக்கே போகும். மிஞ்சும் மூன்றில் ஒரு பங்கு பழைய கடனின் வட்டியோடு சரியாகிவிடும். அசலைத் தொடக்கூட முடியாது. அவர் எவ்வளவு குத்து வாங்கினாலும் வட்டியின் வேகத்தை முந்த வழியே இல்லை.

1950 செப்டம்பர் 27 அன்று எஸார்ட் சார்ல்ஸிடம் 15 ரவுண்டு ஆடித் தோற்றார். ஆனாலும் நிறுத்தவில்லை, நிறுத்த முடியவில்லை. அடுத்த ஆண்டு மார்சியானோ. 1953இல் தாய் லில்லி இறந்தபோது மகனுக்கு விட்டுச்சென்ற 667 டாலரையும் வரித் துறை எடுத்துக்கொண்டது. 1950களின் முடிவில் பாக்கி 10 லட்சம் டாலரைத் தாண்டியது. தொழில் வாழ்க்கை முழுதும் அவர் பெயரில் வந்த சுமார் 46 லட்சம் டாலரில் அவர் கைக்கு வந்தது 8 லட்சம் என்றே மதிப்பிடப்படுகிறது.

அவருடைய பங்கு

லூயிஸைக் குறையற்ற பலியாள் ஆக்கினால் அது அவருக்கும் வரலாற்றுக்கும் செய்யும் அநீதி. அவர் கை தாராளம். நண்பர்களுக்கும் கேட்டு வந்தவர்களுக்கும் வாரிக் கொடுத்தார். உணவகம், குதிரைப் பண்ணை, சாஃப்ட்பால் அணி என்று போட்ட முதல் பெரும்பாலும் திரும்பவில்லை. கோல்ஃப் மைதானத்தில் பெரும் பந்தயங்கள் கட்டித் தோற்றார்.

அதைவிடக் கனமான ஒன்றும் உண்டு. 1949இல் ஓய்வுபெறும்போது அடுத்த சாம்பியனாக வாய்ப்புள்ள வீரர்களின் ஒப்பந்தங்களை லூயிஸ் தன் பெயரில் பெற்று, ஜேம்ஸ் நாரிஸ், ஆர்தர் விர்ட்ஸ் ஆகியோரின் இன்டர்நேஷனல் பாக்ஸிங் கிளப்புக்கு 1,50,000 டாலருக்கு மாற்றிக்கொடுத்தார். அந்த நிறுவனம் சில ஆண்டுகளில் அமெரிக்கப் பட்ட ஆட்டங்களைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. ஏகபோகச் சட்டத்தை மீறியதாக வழக்கு நடந்து, 1959இல் உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்கும் உத்தரவை உறுதிசெய்தது. தன் உழைப்பின் ஏட்டைப் பார்க்க முடியாதவர் மற்ற வீரர்களின் ஏட்டை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டார். கடன் நெருக்கியதால் செய்தார் என்று சொல்லலாம். ஆனால் அந்த ஒப்பந்தங்களுக்குப் பின்னே தன்னைப் போலவே 59 டாலரில் தொடங்கிய பையன்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சுரண்டும் அமைப்பு நல்லவர்களின் கையைக் கொண்டும் தன்னை வளர்த்துக்கொள்கிறது.

அதே லூயிஸ் 1952இல் சான் டியாகோ கோல்ஃப் போட்டியில், வெள்ளையர் மட்டுமே ஆடலாம் என்ற பி.ஜி.ஏ. அமைப்பின் விதியை வெளிப்படையாக எதிர்த்தார். அமெச்சூர் அழைப்பாளராக அவரை ஆட அனுமதித்தார்கள். தொழில்முறைக் கறுப்பு வீரரான பில் ஸ்பில்லரை விடவில்லை. அந்த விதி நீங்க 1961 ஆனது. கதவைத் தட்டிய கைகளில் லூயிஸின் கையும் ஒன்று.

வரவேற்கும் வேலை

மார்சியானோவுக்குப் பின் குத்துச்சண்டை முடிந்தது, கடன் முடியவில்லை. 1956இல் தொழில்முறை மல்யுத்தம் ஆடினார். உலகமே எழுந்து நின்று கைதட்டிய மனிதர் காட்சி மல்யுத்த மேடையில் விலா அடிபட்டு இறங்கினார். 1959இல் அவரை மணந்த வழக்கறிஞர் மார்த்தா ஜெஃபர்சன் நிலைமையை ஓரளவு தாங்கிப் பிடித்தார். 1960களின் தொடக்கத்தில் வரித் துறை இறங்கி வந்தது. பழைய பாக்கியை வசூலிக்கத் துரத்துவதை நிறுத்தி, நடப்பு வருமானத்துக்கு மட்டும் வரி வாங்கியது. அதற்குள் அவர் உடல் தன் சந்தை மதிப்பை இழந்திருந்தது.

1960களின் பிற்பகுதியில் போதைப்பொருள் அவரைப் பிடித்தது. தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்ற அச்சம் ஆட்கொண்டது. 1970இல் குடும்பத்தார் அவரை டென்வரில் மனநல சிகிச்சைக்குச் சேர்த்தார்கள். தந்தை மன்ரோ போன வழியின் ஒரு துண்டை மகனும் நடந்தார். ஆனால் இவர் திரும்பி வந்தார். லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதியில் விருந்தினரை வரவேற்கும் வேலை கிடைத்தது. வருகிறவர்களோடு கைகுலுக்குவது, படம் எடுத்துக்கொள்வது, சேர்ந்து கோல்ஃப் ஆடுவது. அதை அவமானம் என்று எழுதியவர்கள் உண்டு. அவர் அப்படி நினைக்கவில்லை. மக்களைச் சந்திப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

இந்த ஆண்டுகளில் அவருக்குத் துணை நின்றவர்களில் ஷ்மெலிங் ஒருவர். போருக்குப் பின் ஹாம்பர்கில் கோகோ கோலா வணிகத்தில் வளமடைந்த அவர் 1954இல் லூயிஸைத் தேடிவந்து சந்தித்தார். நட்பு கடைசிவரை நீடித்தது. பண உதவியும் செய்தார். இரு நாடுகளும் தத்தம் வெற்றியை எடுத்துக்கொண்டு போனபின் மிஞ்சியது இந்த நட்புதான்.

1977இல் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் லூயிஸ் சக்கர நாற்காலிக்கு வந்தார். 1981 ஏப்ரல் 11 அன்று சீசர்ஸ் பேலஸில் லாரி ஹோம்ஸ் பட்ட ஆட்டத்தைப் பார்க்க வந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மறுநாள் இறந்தார். வயது 66. அதிபர் ரீகன் விதிகளைத் தளர்த்தி ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் இடம் ஒதுக்கினார். இறுதிச் சடங்குச் செலவில் ஷ்மெலிங் பங்கேற்றார். விதியைத் தளர்த்த அரசுக்கு அதிகாரம் இருந்தது என்பது அன்று தெரிந்தது. 30 ஆண்டுகளுக்கு முன்னும் அந்த அதிகாரம் அதனிடம்தான் இருந்தது.

ஏட்டைக் காட்டும் கடமை

டெட்ராய்ட்டில் 1986இல் லூயிஸுக்கு ஒரு நினைவுச் சின்னம் நிறுவினார்கள். சிற்பி ராபர்ட் கிரஹாம் 24 அடி நீளத்தில் வெண்கலத்தில் வார்த்தது ஒரு முன்கையும் மூடிய முட்டியும் மட்டுமே. முகம் இல்லை, உடல் இல்லை. ஆற்றலின் வடிவம் அது என்பதில் மறுப்பில்லை. ஆனால் அந்தத் தொழிலின் உண்மையையும் அந்தச் சிற்பம் அறிந்தோ அறியாமலோ சொல்லிவிடுகிறது. ஏற்பாட்டாளருக்கும் மேலாளருக்கும் நாட்டுக்கும் அந்தக் கை வேண்டியிருந்தது. கைக்குரிய மனிதரை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

குத்துச்சண்டைக்கு லீக் கிடையாது. வீரர்களுக்கு வலுவான சங்கம் கிடையாது. பொதுவான ஓய்வூதியம் கிடையாது. ஒவ்வொரு வீரரும் தனித்தனியாகப் பேரம் பேச வேண்டும், அதுவும் பேரத்தின் மறுபக்கம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று தெரியாமலேயே. லூயிஸ் இறந்த அடுத்த ஆண்டு, 1982இல், கலிஃபோர்னியா மாநிலம் குத்துச்சண்டை வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு வந்த முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம் இரண்டு அடிப்படைகளை வைத்தது. ஏற்பாட்டாளர் ஓர் ஆட்டத்திலிருந்து எவ்வளவு பெறுகிறார் என்பதை வீரருக்குத் தெரிவிக்க வேண்டும். வீரரின் மேலாளருக்கு ஏற்பாட்டாளரின் தொழிலில் பண நலன் இருக்கக் கூடாது. பட்டத்துக்கான வாய்ப்பை விலையாக வைத்து எதிர்கால உரிமைகளை நீண்ட காலத்துக்கு எழுதி வாங்கும் வழக்கத்துக்கும் அது கடிவாளம் போட்டது. இந்த விதிகளை 1934இன் சிகாகோவிலோ 1937இன் பிராடாக் ஒப்பந்தத்திலோ வைத்துப் பார்த்தால், லூயிஸுக்கு எது மறுக்கப்பட்டது என்பது தெளிவாகும். அவருக்குக் கருணை தேவைப்படவில்லை. ஏட்டைத் திறந்து பார்க்கும் உரிமை தேவைப்பட்டது.

அவர் கணக்குக் கேட்காதவர் என்று சொல்வார்கள். ஆனால் கொடுக்க வேண்டியதைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர் அவர். 21 வயதில் ஒரு நகராட்சிக்கு யாரும் கேட்காமல் 270 டாலரைத் திருப்பிக் கட்டினார். 39 வயதில் தாய் விட்டுச்சென்ற 667 டாலரை அரசு எடுத்துக்கொண்டது. 66 வெற்றி, 3 தோல்வி என்று அவரைப் பற்றி எழுதும் ஒவ்வொரு இடத்திலும் இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் எழுத வேண்டும்.